முதல் சொகுசுக் கப்பல் பயணம்: கொழும்பிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் கொழும்புத் துறைமுகத்தில் வெள்ளை நிறப் பயணிகள் கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கும். காலையில் வந்து மாலையில் போய்விடும் அந்தக் கப்பல்களைக் கோட்டைப் பக்கம் போகிறபோது பார்த்துவிட்டு, "நாங்களும் ஒருக்கால் போனால் என்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்கோ ஓய்வூதியம் எடுத்ததற்கோ இப்படி ஒரு பயணத்தைப் பரிசாகக் கொடுப்பதும் உண்டு. சொந்தக்காரரும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். முதல் தடவை போகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

பெரிய கப்பல் எல்லாம் சொகுசுக் கப்பல்தானே?

இல்லை. இதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். 2024இல் ஓடத் தொடங்கிய ஐகன் ஒஃப் த சீஸ் கிட்டத்தட்ட 248,000 மொத்தத் தொன் அளவுள்ள கப்பல். நிரம்பினால் 7,600 பயணிகள் வரை அதில் இருப்பார்கள். நீர்ச்சறுக்கு, விளையாட்டு, இரவு முழுக்கக் கொண்டாட்டம் என்று அது ஒரு மிதக்கும் நகரம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மிக நல்லது. ஆனால் அதைச் சொகுசு என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜன்ட், எக்ஸ்ப்ளோரா போன்ற நிறுவனங்களின் கப்பல்கள்தான் அந்த வகை. அவை அளவில் சிறியவை.

வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சுமார் 48,500 மொத்தத் தொன். 1,600 பேருக்கு மேல் ஏறலாம். ரீஜன்ட்டின் செவன் சீஸ் எக்ஸ்ப்ளோரர் அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது, சுமார் 55,000. ஆனால் பயணிகள் ஏறக்குறைய 750 பேர் மட்டுமே. அவர்களைக் கவனிக்க 500க்கு மேற்பட்ட பணியாளர்கள். இந்தத் தொன் என்பது எடை இல்லை, கப்பலுக்குள் இருக்கும் இடத்தின் அளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் முதலாவதில் ஓர் ஆளுக்கு 30, இரண்டாவதில் 70க்கு மேல். எந்தக் கப்பலைப் பற்றி யார் புகழ்ந்து சொன்னாலும் நான் முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான். வரிசையில் நிற்காமல் சாப்பிடுவதும், நீச்சல் குளத்தருகே கதிரைக்குத் தேடி அலையாமல் இருப்பதும், மூன்றாம் நாளே உங்கள் பெயர் பணியாளருக்குத் தெரிந்திருப்பதும் அந்த எண்ணிலிருந்துதான் வருகின்றன.

அப்படி என்றால் செலவு எவ்வளவு வரும்?

சொகுசு வகைக் கப்பல்களில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 500 அமெரிக்க டொலருக்குக் கீழே கிடைப்பது அரிது. 700, 800 என்பது சாதாரணம். பெரிய விடுமுறைக் கப்பல்களில் 100, 150 டொலருக்கும் இடம் கிடைக்கும். ஆனால் இரண்டு விலைகளையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது. சொகுசுக் கப்பலில் சாப்பாடு, பானங்கள், பணியாளர் டிப்ஸ், பெரும்பாலும் இன்டர்நெட் எல்லாம் விலைக்குள் அடக்கம். சிலவற்றில் கரைச் சுற்றுலாவும் அடக்கம். மற்றக் கப்பல்களில் டிப்ஸ் மட்டுமே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டொலர் வரை வரும். மற்றதெல்லாம் மேலதிகம்.

இங்கே எங்கள் வீடுகளுக்கு ஒரு விஷயம் முக்கியம். அடக்கம் என்று சொல்லும் விலையில் மதுபானத்தின் பங்கு கணிசமானது. குடிக்காத குடும்பம் அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறது. அதனால் மதுவைத் தனியாகக் கணக்கிடும், ஆனால் இடமும் கவனிப்பும் நன்றாக உள்ள ஒரு படி கீழான கப்பல்களையும் பாருங்கள். ஓஷியானியா போன்றவை அந்த வகை. வீட்டில் யாரும் வைன் தொடமாட்டார்கள் என்றால் நான் அந்தப் பக்கம்தான் கைகாட்டுவேன்.

விலை எப்போதும் ஓர் அறையில் இருவர் என்ற கணக்கில்தான் போட்டிருக்கும். தனியாகப் போகிறவர் சில சமயம் கிட்டத்தட்ட இரண்டு பேருடைய காசைக் கட்ட வேண்டிவரும். முகவரிடம் இதை முதலிலேயே கேளுங்கள்.

கொழும்பிலேயே கப்பல் ஏறலாமா?

எப்போதாவது முடியும். கொழும்புக்கு வருகிற கப்பல்களில் பெரும்பாலானவை டுபாய், மும்பாய் பக்கமிருந்து சிங்கப்பூர் நோக்கியோ அங்கிருந்து திரும்பியோ போகும் வழியில் ஒரு நாள் நிற்பவை. சில பயணங்கள் கொழும்பில் தொடங்கும் அல்லது முடியும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களுக்கு மட்டும் தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலைக் கலக்கிவிடும்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இது புதுமையே இல்லை. இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிற கப்பல்கள் பல இங்கே நின்றுதான் போயின. துறைமுக வாசலில் நிற்கும் கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டேல் அந்தப் பயணிகளை நம்பி எழுந்ததுதான். இந்தியாவுக்குத் தலைமன்னாரிலிருந்து கப்பலில் போனவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

இப்போது நடைமுறையில் மூன்று வழிகள். விமானத்தில் சுமார் 4 மணி நேரத்தில் சிங்கப்பூர் போய் அங்கே ஏறுவது, வளைகுடாவுக்குப் போய் ஏறுவது, அல்லது ஐரோப்பாவுக்கே போவது. சென்னையிலிருந்தும் பருவத்துக்கு ஏற்பக் கப்பல் ஓடுவது உண்டு. 2023 ஜூனில் எம்பிரஸ் கப்பல் அங்கிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து போனது. கொழும்பிலிருந்து சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து கப்பலேறித் திருகோணமலையைப் பார்ப்பது விசித்திரமாகத் தோன்றலாம். கோணேசர் மலையைக் கடலிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அது நல்ல பயணம்தான். ஆனால் அப்படிப் போகிறவர் இந்தியாவுக்கு இரண்டு தடவை நுழைகிறார் என்பதை விசா எடுக்கும்போது மறக்கக் கூடாது.

விசா எப்படி?

இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறவர்களுக்கு முழுப் பயணத்தையும் தீர்மானிக்கிற விஷயம் இதுதான். கப்பலைத் தேடுவதற்கு முன் விசாவைப் பற்றி யோசியுங்கள்.

சிங்கப்பூருக்கு எங்களுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் ஒன்லைனில் நிரப்ப வேண்டும். கப்பலில் போய்த் திரும்பிவரும்போது மறுபடியும் நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா விதிகள் அடிக்கடி மாறுவதால் பயணத்துக்குக் கட்டுவதற்கு முன் அந்தந்தத் தூதரகத்தின் தளத்தில் பாருங்கள்.

ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசா. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, மோல்டா, கிரேக்கம் எல்லாம் அதற்குள் வரும். குரோஷியாவும் 2023 ஜனவரி முதல் சேர்ந்துவிட்டது. கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கப்பல் நடுவில் துருக்கிக்கோ மொன்டெனீக்ரோவுக்கோ போய் மறுபடி கிரேக்கத்துக்கு வருகிறது என்றால் ஒருதரம் நுழையும் விசா காணாது. பல தடவை நுழையும் விசா வேண்டும்.

இனி நாட்கணக்கு. ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன் வரைதான் விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். கொழும்பில் விண்ணப்பம் கொடுக்கத் திகதி கிடைப்பதற்கே காத்திருக்க வேண்டிவரும். மறுபக்கம், சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் முழுக் காசையும் 3 முதல் 5 மாதங்களுக்கு முன்பே கேட்கும். அதற்குப் பின் ரத்துச் செய்தால் வெட்டு விழும். ஆகவே 6 மாதம் தொடங்குகிற வாரத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். முற்பணத்தை மட்டும் கட்டி, எந்தத் திகதி வரை வெட்டில்லாமல் விலகலாம் என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள். விசா மறுக்கப்பட்டால் காசு திரும்பத் தரும் காப்புறுதியும் உண்டு. எங்கள் ஆட்கள் அதை எடுத்தே தீர வேண்டும் என்பது என் கருத்து.

"அந்தத் துறைமுகத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறோம்" என்று சொல்லியும் தப்ப முடியாது. போகும் எல்லா நாடுகளுக்கும் விசா இல்லாவிட்டால் பல நிறுவனங்கள் ஏறவே விடாது. ஆபிரிக்காவின் சில துறைமுகங்களும் பிரேசிலும் பாதையில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் கேட்பார்கள். பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அந்த ஊசி போடுகிறார்கள். கடவுச்சீட்டு, பயணம் முடிந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும்.

முதல் பயணத்துக்கு எந்தப் பாதை நல்லது?

துறைமுகங்கள் குறைந்த பாதை. பலர் இதை ஏற்பதில்லை. "இவ்வளவு காசு கொடுத்தால் பத்து ஊர் பார்க்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். பத்து நாளில் ஒன்பது ஊர் என்ற பாதையில் ஒவ்வொரு காலையும் அலாரம் வைத்து எழும்பி, பஸ் ஏறி, வெயிலில் நடந்து, ஓடிவந்து கப்பலேற வேண்டும். அதற்குச் சொகுசுக் கப்பல் தேவையில்லை. நல்ல ஹோட்டேலும் ஒரு வாடகை வானும் போதும். நாலு நாளுக்கு ஒரு நாளாவது கடலிலேயே கழியும் பாதையையும், ஒரு துறைமுகத்திலாவது இரவு தங்கும் பாதையையும் தேடுங்கள்.

அப்புறம், விளம்பரத்தில் போட்டிருக்கும் ஊரின் பெயரை நம்பக் கூடாது. ரோம் என்றால் கப்பல் நிற்பது சிவிடாவெக்கியா; அங்கிருந்து ரோம் 70, 80 கிலோமீற்றர். பாங்கொக் என்றால் லேம் சபாங், கோலாலம்பூர் என்றால் போர்ட் கிளாங், பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர். வெனிசுக்குள் 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஓகஸ்டிலிருந்து பழைய வழியில் வர முடியாது. காலை கொழும்பில் இறங்கிய பயணி கண்டிக்குப் போய்த் தலதா மாளிகையைப் பார்த்து மாலைக்குள் திரும்ப நினைத்தால் அந்த நாள் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்தானே? நாள் முழுக்க பஸ்ஸில்தான் கழியும். அதே கணக்குத்தான் அங்கேயும். ஊர் நடுவிலேயே கப்பல் நிற்கும் இடங்கள் வேறு விதம்: வலெட்டா, ஸ்டொக்ஹோம், பேர்கன். இறங்கி நடந்தாலே போதும்.

பருவமும் முக்கியம். மத்தியதரைக் கடலுக்கு ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. அதில் ஜூலை, ஓகஸ்ட் கடும் வெயிலும் கூட்டமும். நோர்வேக்கும் அலாஸ்காவுக்கும் மே முதல் செப்டெம்பர் வரை. விசாக் கரைச்சல் அதிகம் இல்லாமல் கப்பல் வாழ்க்கை ஒத்துவருமா என்று மட்டும் பார்க்க நினைத்தால் சிங்கப்பூரிலிருந்து நாலைந்து நாள் பயணம். மலாக்கா நீரிணையை சுமாத்திராத் தீவு காற்றிலிருந்து மறைப்பதால் கடலும் பொதுவாக அமைதி.

கடல் ஒத்துவருமா? தலை சுற்றுமா?

பெரும்பாலானவர்களுக்குச் சுற்றாது, அல்லது முதல் நாளோடு சரியாகிவிடும். நவீன கப்பல்களின் பக்கவாட்டில் நீருக்கடியில் சிறகுபோல விரியும் நிலைப்படுத்திகள் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் ஆடுவதை அவை நன்றாகக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதைக் குறைக்காது. ஆகவே பயப்படுகிறவர் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுக்க வேண்டும். காசு கூடிய மேல்தள முன்பக்க அறைதான் அதிகம் ஆடும்.

மாத்திரை எடுப்பதென்றால் தலை சுற்றிய பிறகு எடுத்துப் பயனில்லை, முன்கூட்டியே எடுக்க வேண்டும். இங்கே வைத்தியர்கள் வழக்கமாக சினரிசின் எழுதித் தருவார்கள். கண்ணில் அழுத்தம், புரொஸ்டேட் பிரச்சினை உள்ள பெரியவர்களுக்குச் சில மாத்திரைகளும் காதுக்குப் பின் ஒட்டும் பட்டியும் ஒத்துவராது. அதனால் பக்கத்து வீட்டார் தந்தார்கள் என்று எடுக்காதீர்கள். இஞ்சி பலருக்கு உதவும். வெளியே வந்து அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் உதவும். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கவலைப்பட வேண்டாம். ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பதிவு செய்யும்போதே உணவுத் தேவை படிவம் தருவார்கள். அதில் வெறும் சைவம் என்று எழுதினால் முட்டையும் சீஸும் வரும், சூப்பில் இறைச்சி வேகவைத்த நீர் இருக்கலாம், தென்கிழக்காசியச் சாப்பாட்டில் மீன் சோஸ் இருக்கும். "இந்தியச் சைவம், முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்" என்று விரிவாக எழுதுங்கள். வெங்காயம், உள்ளி சாப்பிடாதவர் அதையும் எழுத வேண்டும். ஹலால் தேவைப்படுகிறவர்களும் இதே படிவத்தில், சில வாரங்களுக்கு முன்பே கேட்க வேண்டும்.

சிறிய கப்பலின் உண்மையான அருமை இங்கேதான் தெரியும். முதல் இரவு சாப்பாட்டறையின் பொறுப்பாளரைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசுங்கள். பல கப்பல்களின் சமையலறையில் இந்தியச் சமையல்காரர் இருப்பார். அவரிடம் சொல்லி அடுத்த நாளுக்குப் பருப்பும் சோறும் ஒரு மரக்கறியும் செய்து தருவார்கள். ஒவ்வொரு இரவும் அடுத்த நாள் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு பாணும் பழமும் சாப்பிட்டு நாளைக் கடத்தும் பெரியவர்கள் உண்டு. அப்படி இருக்கத் தேவையே இல்லை, அதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறீர்கள்.

இடியப்பமும் சொதியும் எதிர்பார்க்காதீர்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பைக்கற்றில் பருப்புப் பொடி, மிக்சர், ஊறுகாய் கொண்டுபோகலாம். வீட்டில் சமைத்ததை ஏற்ற விடுவதில்லை. அவுஸ்திரேலியா, நியூசிலாந்துத் துறைமுகங்களில் எந்தச் சாப்பாட்டையும் கரைக்குக் கொண்டு இறங்காதீர்கள், கடும் அபராதம். சாப்பாட்டறைக்குள் போகும்போது சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு ஜெல் சரியாக வேலை செய்யாது.

அறையில் சுவாமிக்கு விளக்கு ஏற்றலாமா?

முடியாது. கப்பலில் தீயை விடப் பெரிய பயம் வேறில்லை. விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுதிரி எதுவும் அனுமதியில்லை. படத்தை வைத்து, பற்றரி விளக்கு ஒன்றை வைத்துக் கும்பிடலாம். கேத்தல், அயன், ரைஸ் குக்கர் ஆகியவையும் கொண்டுபோக முடியாது. சோதனையில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில் தருவார்கள்.

என்ன உடுப்பது?

பகலில் வசதியான எதுவும். மாலையில் கொஞ்சம் எடுப்பாக. சில கப்பல்களில் ஓரிரு இரவுகளுக்குச் சம்பிரதாய உடை கேட்பார்கள். பட்டுச் சேலையும் வேட்டி சட்டையும் தேசிய உடை என்ற கணக்கில் எல்லா இடத்திலும் ஏற்கப்படும். அதற்கென்று கோட் சூட் தைக்க ஓட வேண்டாம். சேலை கட்டிக்கொண்டு வந்த அம்மாவைப் பார்த்து அந்த மண்டபத்தில் நாலு பேர் எழுந்து வந்து பேசுவார்கள். மெல்லிய சால்வை கட்டாயம், உள்ளே குளிர் அதிகம். வழுக்காத செருப்பும் வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அப்பாவுக்கு நீரிழிவு. கூட்டிக்கொண்டு போகலாமா?

கட்டாயம் போகலாம். வயதானவர்களுக்கு இதைவிட லேசான பயணம் எனக்குத் தெரியாது. ஒருதரம் பெட்டியைத் திறந்து அடுக்கினால் கடைசி நாள் வரை மறுபடி கட்டத் தேவையில்லை. லிப்ட் இருக்கும், பத்தடியில் கதிரை இருக்கும், களைத்தால் உடனே அறைக்கு வரலாம். ஆறு நாட்டுக்கு ஆறு ஹோட்டேல் மாறுவதை நினைத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய நினைக்கிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள் என்று மனதார வேண்டுகிறேன். நடக்கக் கூடிய காலத்திலேயே அழைத்துப் போங்கள்.

பார்க்க வேண்டியவை சில. படியில்லாத ஷவர் உள்ள அறையைக் கேளுங்கள். குளியல் தொட்டி ஏறுவது முழங்காலுக்கு ஆகாது. சில இடங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காமல் நடுக்கடலில் நங்கூரமிடும், சன்டொரினி அப்படி. அங்கே சிறு படகுக்கு மாறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் முடியாது. துறைமுகப் பட்டியலில் எது படகில் இறங்கும் இடம் என்று முன்பே குறித்துவையுங்கள்.

மருந்துகளைப் பெரிய சூட்கேஸில் வைக்காதீர்கள். அசல் பெட்டியோடும் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடும் கைப்பையில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவும் இருக்கட்டும். இன்சுலினுக்கு அறையில் குளிர்சாதனப் பெட்டி உண்டு. கப்பலில் வைத்தியரும் சிறு மருத்துவ நிலையமும் இருக்கும். ஆனால் கட்டணம் கனதி. காசைக் கட்டிவிட்டுப் பிறகுதான் காப்புறுதியிடம் கேட்க வேண்டும். ஹெலிகொப்டரிலோ விமானத்திலோ ஏற்றிப்போகும் செலவையும், ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கிய காப்புறுதி எடுங்கள். உள்ள நோயை மறைத்து எடுத்த காப்புறுதி ஒன்றுக்கும் உதவாது.

ஏறும் நாளில் என்ன நடக்கும்?

முதலில், அந்த ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். விமானம் பிந்தினால் கப்பல் காத்திருக்காது.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள்; பிறகு உங்கள் அறை வாசலுக்கு வந்துவிடும். அதுவரை தேவையான மருந்து, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு கையில் இருக்கட்டும். ஓர் அட்டை தருவார்கள். அறைச் சாவி, அடையாளம், கப்பலுக்குள் செலவுக் கணக்கு எல்லாம் அதுதான். கடனட்டை ஒன்றை அதோடு இணைப்பார்கள். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அட்டை திறந்திருக்கிறதா, எல்லை எவ்வளவு என்று கொழும்பில் இருக்கும்போதே வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய சங்கொலி, ஒரு நீண்ட சங்கொலி கேட்டால் எங்கே கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறிய பல பயணிகளுக்கு இந்தப் பயிற்சி இன்னும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு, புறப்படும் முன்னோ புறப்பட்ட உடனோ இது நடந்தே ஆக வேண்டும் என்று சர்வதேச விதி இறுக்கப்பட்டது. பெரியவர்களையும் கையைப் பிடித்து அழைத்துப் போய், கூடும் இடத்தை ஒருதரம் நடந்து பழக்கிவிடுங்கள்.

கடலிலேயே கழியும் நாளில் என்ன செய்வது? அலுத்துப்போகாதா?

இந்தக் கேள்விக்கு நான் ஆசையோடு பதில் சொல்வேன். ஏனென்றால் எனக்கு முழுப் பயணமுமே அந்த நாள்தான்.

காலையில் திரைச்சீலையைத் திறந்தால் எந்தப் பக்கமும் கரை இல்லை. கொழும்பு ஆட்களாகிய நாங்கள் கடலை எப்போதும் ஒரு பக்கமாகத்தான் பார்த்திருக்கிறோம், பின்னால் காலி வீதி இரைந்துகொண்டிருக்கும். நடுக்கடலில் அந்த இரைச்சல் இல்லாமல் பார்க்கும்போது நீலம் மணிக்கு மணி மாறுவது தெரியும். கரையில் தெளிந்த நீலமாக இருப்பது ஆழத்தில் மைபோல இருண்டுவிடும். பறக்கும் மீன்கள் கப்பலின் முன்பக்கத்திலிருந்து கிளம்பிச் சிதறும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் போகும் கப்பல் தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் கிழக்கே திரும்பும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலங்கள் கூடும் கடல் அது. தொலைநோக்கி ஒன்று வைத்திருங்கள். அங்கிருந்து சிங்கப்பூர் மூன்றரை, நாலு நாள் தூரம். இரவில் வெளிச்சம் குறைந்த தளம் எது என்று பணியாளரிடம் கேட்டுப் போய் நில்லுங்கள். நகரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால்வீதியைக் காட்டலாம்.

நிகழ்ச்சிகளும் உண்டு: உரைகள், இசை, சமையல் வகுப்பு, நூலகம், மாலைத் தேநீர். பிடித்ததற்கு மட்டும் போங்கள். முப்பது நாற்பது வருடம் வேலைக்கும் சமையலுக்கும் பிள்ளைகளின் ரியூஷனுக்கும் ஓடியவர்களுக்கு, ஒன்றும் செய்யாமல் இருக்க முதல் நாள் கைகால் ஓடாது. மூன்றாம் நாள் அவர்களே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். துறைமுகங்கள் குறைந்த பாதையை எடுங்கள் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகத்தான்.

பால்கனி அறை தேவையா?

தேவை. மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். சொகுசு வகைக் கப்பல்களில் பெரும்பாலும் எல்லா அறைக்கும் உண்டு.

துறைமுகத்தில் சொந்தமாகச் சுற்றலாமா, கப்பல் ஏற்பாட்டில் போவதா?

தூர ஊருக்கு என்றால் கப்பல் ஏற்பாடு. அந்த பஸ் பிந்தினால் கப்பல் பார்த்துக்கொள்ளும். சொந்தமாகப் போய்ப் பிந்தினால் கப்பல் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போக வேண்டும். புறப்படுவதற்கு அரை மணிக்கு முன்பே ஏறியிருக்கச் சொல்வார்கள், நீங்கள் ஒன்றரை மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். கப்பலின் நேரமும் கரையின் நேரமும் சில இடங்களில் வேறுபடும் என்பதால் கையில் கட்டும் மணிக்கூட்டைக் கப்பல் நேரத்தில் வையுங்கள்.

போன், இன்டர்நெட்?

கப்பல் ஏறியதும் போனை விமான நிலைக்கு (ஏரோபிளேன் மோட்) மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செய்மதி அலைவரிசையில் தானாக இணைந்து பெரும் பில் வரும். வைபை மட்டும் போடுங்கள். 2022க்குப் பிறகு பல கப்பல்களில் ஸ்டார்லிங்க் வந்துவிட்டதால் வாட்ஸ்அப்பில் பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசலாம்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

சொகுசுச் சிறு கப்பல்களில் பிள்ளைகளுக்கு அதிகம் இருக்காது. வைகிங் என்ற நிறுவனத்தின் கப்பல்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதே இல்லை. கைக்குழந்தைக்குப் பொதுவாக 6 மாதம், நீண்ட கடல் பயணத்துக்கு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளை 24ஆம் வாரம் தொடங்கினால் ஏற்றமாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் பெரிய விடுமுறைக் கப்பலில் போனால் எல்லோருக்கும் சந்தோஷம்.

கப்பல்கள் கடலை மாசுபடுத்துகின்றனவே?

ஆம், இதை நானும் நினைக்கிறேன். 2021இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் மணிகள் எங்கள் கரையெல்லாம் ஒதுங்கியதைப் பார்த்த ஆட்கள் நாங்கள். பயணிகள் கப்பலும் நிறைய எரிபொருள் எரிக்கிறது. ஓர் ஆளுக்கு இடம் கூடக்கூட, அவர் பங்குக்கு எரியும் எண்ணெயும் கூடும். 2020 ஜனவரி முதல் எரிபொருளில் கந்தகம் 0.5 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற உலக விதி வந்தது. துறைமுகத்தில் இயந்திரத்தை நிறுத்திக் கரை மின்சாரம் எடுக்கும் கப்பல்களும் வந்துவிட்டன. பதிவு செய்யும்போது இதைக் கேளுங்கள். பயணிகள் கேட்டால்தான் நிறுவனங்கள் அசையும்.

பணியாளருக்குத் தனியாக ஏதும் கொடுக்க வேண்டுமா?

டிப்ஸ் விலையில் அடங்கிய கப்பலில் கட்டாயமில்லை. மனமிருந்தால் கடைசி இரவு அறையைக் கவனித்தவருக்கு ஒரு கவரில் கொடுக்கலாம். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து, ஒப்பந்தம் முடியும் வரை ஓய்வு நாளே இல்லாமல் வேலை செய்கிறவர்கள் அவர்கள். பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா ஆட்களோடு இலங்கையரும் இருப்பார்கள். ஊர்க்காரர் என்று தெரிந்தால் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். பெயர் குறிப்பிட்டுக் கருத்துப் படிவத்தில் நல்லதாக எழுதுவது அவர்களின் அடுத்த ஒப்பந்தத்துக்கும் உதவும்.

இறங்கும் நாளில் கவனிக்க வேண்டியது?

முந்திய இரவே பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் உடுப்பையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். செலவுக் கணக்கை இரவே வாங்கி வரிவரியாகப் பாருங்கள். பிழை இருந்தால் இறங்குவதற்கு முன் திருத்துவது சுலபம். காலையில் இறங்கினாலும் குடிவரவு, பெட்டி, வீதி நெரிசல் எல்லாம் இருக்கும் என்பதால் கட்டுநாயக்க திரும்பும் விமானத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு போடுங்கள். வீட்டுக்கு வந்த பின்னும் தரை மெல்ல ஆடுவதுபோல இருக்கும், முக்கியமாகக் கண்ணை மூடிக் குளிக்கும்போது. அது வழக்கம்தான், ஓரிரு நாளில் போய்விடும். அந்த நாட்களில் பெரியவர்கள் குளியலறையில் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். ஒரு மாதம் கடந்தும் நிற்காவிட்டால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள்.